பஸ் செல்ஸ் 20–25

அந்த ரிப்போர்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்ட ஒற்றைத் தாள். மேலே என் பெயர், வயது 23, பெண். கீழே இரண்டு வரிகளைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறேன். ஒன்று: பஸ் செல்ஸ் 20–25. இன்னொன்று கல்ச்சர் முடிவு: ஈ.கோலை, மில்லிலிட்டருக்கு 10,000, குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை.

அந்த வருடத்தில் எனக்கு அது மூன்றாவது முறை. வந்தவர்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு ஹாஸ்டல் பாத்ரூமில் உட்கார்ந்திருப்போம். ஒரு சொட்டுதான் வரும், அதுவும் தீக்குச்சியை உரசியது போல எரிந்துகொண்டு வரும். அறைக்குத் திரும்பிப் படுப்பதற்குள் மறுபடி போகவேண்டும் போலிருக்கும். காலையில் கண் எரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கல்ச்சர் வரியை மட்டும் பார்த்தார்.

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. தண்ணி நெறைய குடிங்க. சுத்தமா இருங்க. ரொம்ப யோசிக்காதீங்க.”

எரிச்சலைவிட அந்த “சுத்தமா இருங்க” அதிகம் எரிந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன். “சூடுதான்டி. சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி, எளநி குடி” என்றாள். டாக்டருக்கு நான் அழுக்கு, அம்மாவுக்கு நான் சூடு. எனக்கு அந்தத் தாளில் இருந்த முரண்தான் உறுத்தியது. பஸ் செல்ஸ் என்றால் சீழ் அணுக்கள் என்று தேடித் தெரிந்துகொண்டேன். அதுவரை பஸ் என்றால் நிறுத்தத்தில் காத்திருப்பதுதான். சீழ் என்பது சண்டையில் இறங்கிய வெள்ளணுக்கள். அப்படியென்றால் முதல் வரி ‘இங்கே போர் நடக்கிறது’ என்கிறது. இரண்டாவது வரி ‘எதிரி சொல்லிக்கொள்ளும்படி வரவில்லை’ என்கிறது. வராத எதிரியோடு யார் சண்டை போடுவார்கள்?

பிறகு பல வருடங்கள் கழித்துத்தான் அந்த இரண்டு வரிகளுக்கும் தனித்தனி வரலாறு இருப்பது தெரிந்தது. ஒன்று இத்தாலியின் கடற்கரையில் தொடங்குகிறது. இன்னொன்று பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில். நெடுங்காலம் இரண்டும் ஒன்றையொன்று சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த இடைவெளியில்தான் என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருந்தோம்.

*

முதலில் வெள்ளணு.

1882ஆம் ஆண்டின் இறுதி. ரஷ்யப் பேரரசின் ஒடெஸா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு, சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் குடும்பத்தோடு தங்கியிருந்தார் இலியா மெச்னிகோவ். விலங்கியலாளர், வயது 37. ஒருநாள் வீட்டில் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் மைக்ராஸ்கோப்பின் முன்னால் இருந்தார். நட்சத்திர மீனின் இளம்பருவம் கண்ணாடி போல இருக்கும், உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அதற்குள் ஊர்ந்து திரியும் அணுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு யோசனை வந்தது. இவை உடலைக் காக்கும் அணுக்களாக இருந்தால்? அப்படியானால் வெளியிலிருந்து எதையாவது உள்ளே குத்தினால், மனிதனின் விரலில் முள் தைத்தால் சீழ் கோப்பதைப் போல, இவையும் ஓடிவந்து சூழவேண்டுமே.

தோட்டத்தில் ரோஜா முட்களைப் பறித்து வந்து நட்சத்திர மீன் குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடியற்காலையில் பார்த்தபோது முள்ளைச் சுற்றி அந்த அணுக்கள் மொய்த்திருந்தன.

இன்று இது பாடப்புத்தகத்தில் வரும் கதை. அன்றைக்கு இது தலைகீழான பேச்சு. சீழில் வெள்ளணுக்கள் இருப்பதும், அவற்றுக்குள் கிருமிகள் இருப்பதும் மருத்துவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அந்த அணுக்கள்தான் கிருமிகளைச் சுமந்துகொண்டு உடலெங்கும் பரப்புகின்றன என்று பலர் நம்பினார்கள். காவல்காரனைத் திருடனின் கூட்டாளி என்று நினைத்த காலம். மெஸ்ஸினாவுக்கு வந்திருந்த பெரிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஷோவ்கூட, கண்டதைப் பாராட்டிவிட்டு, மருத்துவ உலகம் இதற்கு நேர்மாறாகத்தான் நினைக்கிறது, பார்த்து நடந்துகொள்ளுங்கள் என்று எச்சரித்தார். மெச்னிகோவ் பின்வாங்கவில்லை. விழுங்கும் அணு என்ற பொருளில் ‘பேகோசைட்’ என்று பெயர் வைத்து, வாழ்நாள் முழுக்க அதற்காக வாதாடினார். 1908இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

என் ரிப்போர்ட்டின் முதல் வரி இங்கிருந்து வந்தது. அந்த 20–25 என்பது, முள்ளைத் தேடி ஓடிவந்தவர்களில் என் சிறுநீரோடு வெளியே வந்தவர்களின் கணக்கு.

*

அடுத்து எதிரி.

மெச்னிகோவ் முள் குத்திய மூன்றாவது ஆண்டில், 1885இல், மூனிக் நகரத்துக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிஷ் ஒரு நுண்ணுயிரியை விவரித்து எழுதினார். கைக்குழந்தைகளின் மலத்தை நாள்தவறாமல் ஆராய்ந்து கண்டுபிடித்தது. குச்சி வடிவம், வேகமாகப் பெருகும், ஆரோக்கியமான குடலில் சாதுவாக வாழும். ‘குடலில் பொதுவாக இருப்பது’ என்ற அளவில்தான் அதற்குப் பெயரே வைத்தார். 1894இல், அதே சாது குழந்தைகளின் சிறுநீர்ப்பையில் அழற்சியை உண்டாக்குவதைப் பற்றியும் அவரே எழுதினார். அவர் பார்த்த நோயாளிகள் சிறுமிகள்.

எஷெரிஷின் பெயர் அந்தக் கிருமிக்கு ஒட்டிக்கொண்டது அவர் இறந்த பிறகு, 1919இல். வைத்தவர்கள் ஆல்டோ காஸ்டெல்லானி, ஆல்பர்ட் சாமர்ஸ். இருவருமே கொழும்பில் வேலை பார்த்த மருத்துவர்கள். வெப்பமண்டல நோய்கள் பற்றி இருவரும் எழுதிய தடித்த நூலின் மூன்றாம் பதிப்பில்தான் ‘எஷெரிக்கியா’ என்ற இனப்பெயர் வருகிறது. நம் ஊர் லேப் சீட்டுகளில் ஈ.கோலை என்று அச்சாகும் பெயருக்குப் பின்னால் பக்கத்துக் கடலில் ஒரு முகவரி உண்டு என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆக, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே இரண்டு தரப்பும் அடையாளம் காணப்பட்டுவிட்டன. கிருமி யாரென்று தெரியும், காவல் அணு யாரென்றும் தெரியும். ஆனால் மருத்துவமனையில் ஒரு நடைமுறைச் சிக்கல் காத்திருந்தது.

*

சிறுநீரை ஒரு குப்பியில் பிடிக்கும்போது வழியில் தோலில் இருக்கும் கிருமிகளும் சேர்ந்து வரும். கல்ச்சரில் முளைப்பது உள்ளே இருந்ததா, வழியில் ஒட்டியதா? குழாய் செருகி நேரடியாக எடுத்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குழாயே கிருமியை உள்ளே கொண்டுபோகும். 1950களில் இது மருத்துவர்களுக்குப் பெரிய கவலை.

பாஸ்டன் நகர மருத்துவமனையில் இருந்த எட்வர்ட் காஸ் இதற்கு ஒரு வழி கண்டார். எண்ணிப் பார்ப்போம் என்றார். சிறுநீரகத் தொற்றோடு வந்தவர்களின் சிறுநீரில் கிருமிகள் மிக அதிகம், மில்லிலிட்டருக்கு லட்சமும் அதற்கு மேலும். வழியில் ஒட்டிக்கொண்டவை என்றால் எண்ணிக்கை பெரும்பாலும் அதைவிட மிகக் குறைவு. எனவே 1,00,000 என்று ஒரு கோடு போட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம். 1956இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு அந்தக் கோடு உலகம் முழுக்கப் பரவியது.

காஸ் மேல் எனக்குக் கோபமில்லை. எந்த அறிகுறியும் இல்லாத கர்ப்பிணிகளின் சிறுநீரிலும் கிருமிகள் இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் அவர்களில் சிலருக்குப் பின்னர் சிறுநீரகத் தொற்று வரும் என்று காட்டியவர் அவர். அவருடைய எண் பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அவர் கோடு போட்டது சிறுநீரகத் தொற்று வந்தவர்களையும், அறிகுறியே இல்லாதவர்களையும் வைத்து. இரவு இரண்டு மணிக்கு எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் பெண் அந்தக் கணக்கில் இல்லை. கோடு அவளிடம் வந்தபோது, அது யாருக்காகப் போடப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை.

கோட்டுக்குக் கீழே இருந்த பெண்களின் நிலைமைக்கு மருத்துவத்தில் ஒரு பெயரும் வைத்தார்கள்: ‘சிறுநீர்த்தாரை நோய்க்குறி’. அறிகுறி உண்டு, காரணம் தெரியாது என்று அர்த்தம். காரணம் தெரியாத இடத்தில் மனசு, பதற்றம், பழக்கவழக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

*

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் அமெரிக்காவின் சியாட்டிலில் வில்லியம் ஸ்டாமும் அவருடைய குழுவும். 1980இல் அவர்கள் செய்தது எளிமையான காரியம். எரிச்சல் இருக்கிறது, ஆனால் எண்ணிக்கை லட்சத்தைத் தொடவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் பெண்களை உட்காரவைத்து, சிறுநீர்ப்பையிலிருந்தே நேரடியாக மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். கூடவே வெள்ளணுக்களையும் எண்ணினார்கள். வெள்ளணுக்கள் இருந்த பெண்களில் பெரும்பாலோருக்கு உண்மையாகவே தொற்று இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு வந்த ஆய்வில், வெள்ளணுக்கள் இருந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் கேட்டது.

1982இல் இன்னும் பெரிய ஆய்வு. சிறுநீர்ப்பைக்குள் ஈ.கோலை வகைக் கிருமிகள் இருப்பது நேரடியாக உறுதியான பெண்களில், காஸின் கோடு அடையாளம் காட்டியது 51 சதவீதம் பேரைத்தான். ஏறக்குறைய பாதிப் பேரை அது ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பியிருக்கும். அறிகுறியோடு வரும் பெண்ணிடம் மில்லிலிட்டருக்கு 100 கிருமி இருந்தாலே கவனிக்கவேண்டும் என்றது அந்தக் கட்டுரை. லட்சம் எங்கே, நூறு எங்கே!

இதைப் படித்த அன்று என் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 10,000. நான் பிறப்பதற்கு முன்பே ஒருவர் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். அது என் டாக்டரின் மேசைக்கு வந்து சேரவில்லை. எதிரியை எண்ணுவதற்கு ஒரு முறையும், அதற்கு ஒரு கோடும் வைத்திருந்தோம். ஓடிவந்த காவலர்களின் எண்ணிக்கை அதே தாளில், இரண்டு விரற்கடை மேலே இருந்தது. அதை யாரும் சாட்சியாகக் கூப்பிடவில்லை.

*

சரி, உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது?

சிறுநீர்ப்பைக்குக் கிருமியை வெளியேற்ற முதல் ஆயுதம் வெள்ளம். நிறைந்து, சுருங்கி, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். ஆற்றில் அடித்துப் போகாமலிருக்க எதையாவது பிடித்துக்கொள்ளவேண்டும். 1970களில் ஸ்வீடனின் கோத்தன்பர்கில் கத்தரினா ஸ்வான்போர்கும் சகாக்களும் இதைத்தான் கவனித்தார்கள். சிறுநீரகத் தொற்று வந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த ஈ.கோலை, சிறுநீர்ப் பாதையின் அணுக்களில் நன்றாக ஒட்டியது. அறிகுறியே இல்லாத குழந்தைகளிடமிருந்து எடுத்தது அவ்வளவாக ஒட்டவில்லை. கிருமியின் உடலில் மயிர்க்கால் போன்ற இழைகள் உண்டு. அவற்றில் ஒரு வகையின் நுனி, நம் சிறுநீர்ப்பை அணுக்களின் மேலிருக்கும் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும்.

நம் உடல் இதற்கு வைத்திருக்கும் பொறி அழகானது. சிறுநீரகம் நாள்தோறும் ஒரு புரதத்தை இழை இழையாகச் சிறுநீரில் கலந்து அனுப்புகிறது. 1950இல் இகோர் டாம், ஃபிராங்க் ஹார்ஸ்ஃபால் இருவரும் வைரஸ் ஆராய்ச்சியின்போது பிரித்தெடுத்தது. அந்த இழைகளிலும் அதே மேனோஸ் உண்டு என்பது பின்னால் தெரிந்தது. கிருமி சுவரைப் பிடிப்பதாக நினைத்து இதைப் பிடித்துக்கொள்ளும், வெள்ளத்தோடு போய்விடும்.

தப்பியவை சுவரில் ஒட்டியதும் மணி அடிக்கிறது. சிறுநீர்ப்பை அணுக்கள் கிருமியின் உறையை மோப்பம் பிடித்து ரசாயனச் செய்தி அனுப்ப, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. என் பஸ் செல்ஸ் இவர்கள்தான். கிருமியை விழுங்குவதோடு நிற்பதில்லை. வளர இரும்பு தேவைப்படுவதால் கிருமி இரும்பைத் திருட ஒரு மூலக்கூறை அனுப்பும். நியூட்ரோஃபில் சுமந்து வரும் புரதம் ஒன்று அந்தத் திருடனையே பிடித்துவைத்துக்கொள்ளும். கிருமியும் சும்மா இருப்பதில்லை. சில வகைகள் அந்த மூலக்கூறுக்குச் சர்க்கரையால் மாறுவேடம் போட்டு மறுபடி அனுப்புகின்றன.

இந்தப் படை வராவிட்டால் என்னாகும்? கிருமியின் உறையை மோப்பம் பிடிக்கத் தெரியாத ஒருவகை எலிகளில் 1980களில் பார்த்தார்கள். வெள்ளணுக்கள் சரியாக வரவில்லை, கிருமிகளும் வெளியேறவில்லை. அழற்சி என்ற கலவரமும் இல்லை. நாம் நோய் என்று உணரும் எரிச்சலில் பெரும்பங்கு கிருமி செய்வதல்ல, நம் ஆட்கள் சண்டையிடும் சத்தம் என்பது அப்போது புரியத் தொடங்கியது.

*

‘ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?’ என்ற கேள்வி மிச்சமிருந்தது. நான் அதிகம் அழுத கேள்வியும் அதுதான்.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்காட் ஹல்ட்கிரெனின் ஆய்வகம் இதை எலிகளில் தொடர்ந்து பார்த்தது. 1998இல் ஒரு கட்டுரை. கிருமி ஒட்டிய சில மணி நேரத்திலேயே சிறுநீர்ப்பையின் மேலடுக்கு அணுக்கள் தங்களையே கொன்று உதிர்கின்றன. தீப்பிடித்த கூரையைப் பிய்த்து எறிவது போல. கிருமியோடு சேர்ந்து அந்த அணுவும் வெளியே போகும். ஆனால் கூரை போனால் அடியில் இருப்பது திறந்துவிடும்.

2003இல் வந்தது இன்னும் அதிர்ச்சி. சில கிருமிகள் அணுக்களுக்கு உள்ளேயே நுழைந்து, அங்கே குடியேறி, கூட்டமாகப் பெருகிக் கிடந்தன. நியூட்ரோஃபிலுக்கு எட்டாத அறை. அங்கிருந்து வெளியே வரும்போது சில கிருமிகள் பிரியாமல் நீள நீளமாக நூல் போல வளர்ந்து வருகின்றன. அவ்வளவு நீளத்தை விழுங்க வெள்ளணுவால் முடிவதில்லை. அடுத்த அடுக்குகளில் சில கிருமிகள் பெருகாமல், அசையாமல் படுத்துவிடுகின்றன. எலிகளில், ஆன்டிபயாடிக் கொடுத்துச் சிறுநீர் சுத்தமான பிறகும் அவை மிச்சமிருந்தன.

எலியில் சரி, மனிதரில்? 2007இல் தொற்று வந்த 80 பெண்களின் சிறுநீரைப் பார்த்தார்கள். 14 பேரிடம் கிருமிக் குடியிருப்புகளோடு உதிர்ந்த அணுக்கள் இருந்தன. 33 பேரிடம் அந்த நீள நூல் கிருமிகள் இருந்தன. நோயில்லாத 20 பெண்களில் ஒருவரிடமும் இல்லை. இதனால் எல்லாத் தொற்றும் உள்ளே ஒளிந்திருந்து வருவது என்று ஆகிவிடாது. குடலிலிருந்து புதிதாக வருவதும் நிறைய. ஆனால் திரும்ப வருவதற்கு என் துண்டும் சோப்பும்தான் காரணம் என்று யாரும் இனிச் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, நம் காவல்படையும் குற்றமற்றதல்ல. 2010இல் அதே ஆய்வகம், முதல் நாளில் அழற்சி மிகக் கடுமையாக இருந்த எலிகளுக்குத்தான் பின்னால் தொற்று நாட்பட்டதாக மாறுவதைக் காட்டியது. மெச்னிகோவ் காவலர்கள் என்றதும் சரி. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் சந்தேகப்பட்டதிலும் ஒரு துளி உண்மை இருந்தது. கிருமியைத் துரத்தும் அவசரத்தில் வீட்டுச் சுவரையும் இடிப்பார்கள்.

*

2000இல் வெளியான ஓர் ஆய்வு, திரும்பத் திரும்ப இந்தத் தொற்று வரும் இளம்பெண்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டது. கழுவும் முறை, துடைக்கும் முறை, அடக்கிவைக்கும் பழக்கம் என்று நாம் அறிவுரையாகக் கேட்கும் பலவற்றுக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை. உடலுறவு, விந்துக்கொல்லி மருந்துகள் போன்றவற்றுக்குத் தொடர்பு இருந்தது. தாய்க்கு இந்தத் தொற்று வந்திருப்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“உனக்கும் வந்திருக்காம்மா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “கல்யாணமான புதுசுல மாசத்துக்கு ஒருவாட்டி வரும். ஸ்கூல்ல டீச்சருங்களுக்கு பாத்ரூம் கெடையாது. அதனால தண்ணியே குடிக்கமாட்டோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் எல்லாம்.”

“டாக்டர்கிட்ட போகலையா?”

“சூட்டுக்கெல்லாம் யாருடி டாக்டர்கிட்ட போவா?”

சூடு என்பது அம்மாவின் அறியாமை என்று நான் நினைத்திருந்தேன். சொல்ல முடியாத இடத்து வலியைச் சமையலறையில் நின்று சொல்வதற்கு அவளுக்குக் கிடைத்த ஒரே வார்த்தை அது. இளநீரில் ஒரு நியாயமும் உண்டு. 2018இல் வெளியான ஆய்வில், அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. வெள்ளம் இன்னும் முதல் ஆயுதம்தான். ஆனால் குடிக்கச் சொல்வதற்கு முன்னால், குடித்தால் போக அவளுக்கு ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்கவேண்டும்.

போன மாதம் அம்மாவுக்கு மறுபடி எரிச்சல். 61 வயதில் முதல் முறையாக லேபுக்குக் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டை வாங்கியதும் கல்ச்சர் வரிக்கு என் கண் போகவில்லை. அதற்கு மேலே தேடினேன்.

பஸ் செல்ஸ் 15–18.

“என்னடி போட்டிருக்கு?” என்றாள்.

“உனக்குள்ள சண்டை நடக்குதும்மா” என்றேன். “நெசமாவே நடக்குது.”

“அதான் எனக்குத் தெரியுமே” என்றபடி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தாள்.